திரைப்பிடிப்பு சோதனை ஆகாது

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் சமர்ப்பிக்கப்படும் திட்ட அறிக்கைகளுள் ஒரு வகையைத் தலைப்பிலேயே இனங்கண்டுகொள்ளலாம்: ‘வலையமைப்பு மேலாண்மை முகவருக்கான அட்டவணைத் தொகுதி: உருவாக்கமும் சோதனையும்.’ முதல் அத்தியாயத்தில் எஸ்என்எம்பி நெறிமுறையின் வரலாறு இருக்கும். நடுவில் கருவி தானாக எழுதித் தந்த நிரல் பக்கம் பக்கமாக நீளும். இறுதியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு ஒரு படம். ஐந்து கிடைவரிசைகள் கொண்ட அட்டவணையை எஸ்என்எம்பிவாக் கட்டளை ஒரே ஒருமுறை கடந்து சென்றதற்கான சாட்சி அது. அதன் கீழே, ‘தொகுதி வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது’ என்றொரு வரி.

அந்த வரி உண்மையன்று. ஆனால் அதை எழுதிய மாணவர் பொய்யரும் அல்லர். சோதனை என்றால் என்ன என்பதை அவரிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கத் தவறிய மதிப்பீட்டு முறையே இங்கு முதற்குற்றவாளி.

அந்தப் படம் ஏன் எதையும் நிறுவவில்லை என்பதை அறிய, இந்நெறிமுறையில் அட்டவணை என்பது உண்மையில் என்ன என்று பார்க்க வேண்டும். 1990இல் வெளியான ஆர்எஃப்சி 1157 வரையறுத்த எஸ்என்எம்பியில் ‘அட்டவணையைக் கொடு’ என்றொரு செயல் இல்லவே இல்லை. கம்பியில் பயணிப்பவை பெயர்களும் மதிப்புகளும் மட்டுமே. இடைமுகங்களின் அட்டவணையில் ஏழாம் இடைமுகம் பெற்ற எண்பிட்டுகளின் எண்ணிக்கை 1.3.6.1.2.1.2.2.1.10.7 என்ற நீண்ட எண்பெயரால் குறிக்கப்படுகிறது. அதில் 10 நெடுவரிசையையும், 7 கிடைவரிசையையும் சுட்டுகின்றன. மேலாளர் அட்டவணையைப் படிப்பதற்கு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: ‘இந்தப் பெயருக்கு அடுத்தது எது?’ இக்கேள்விக்கு முகவர் ஒவ்வொரு முறையும் பிழையின்றி விடையளித்தால்தான் அட்டவணை என்ற தோற்றம் நிலைக்கும்; ஒருமுறை தவறினாலும் அது குலைந்துவிடும்.

ஆகவே சோதிக்கப்பட வேண்டியது ‘அடுத்தது’ என்ற அந்த ஒரு சொல்லே. அதில் மூன்று இடங்களில் தொகுதிகள் தவறுகின்றன.

முதலாவது, ஒழுங்கு. 2க்குப் பின்னர்தான் 10 வரவேண்டும். சுட்டெண்களை எழுத்துச்சரங்களாக ஒப்பிடும் நிரல் 10ஐ முன்னே நிறுத்திவிடும். சுட்டெண்ணே ஒரு பெயராக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். நீளம் மாறக்கூடிய சரத்தில், விதிவிலக்கு அறிவிக்கப்படாத வரை, நீளமே முதலில் எழுதப்படுகிறது. எனவே எந்த எழுத்தில் தொடங்கினாலும் மூன்றெழுத்துப் பெயர் பத்தெழுத்துப் பெயருக்கு முன்னே வரும். அகராதி ஒழுங்கு இங்கே செல்லாது. 1 முதல் 5 வரை எண்ணிட்ட மாதிரி அட்டவணையில் இவற்றுள் எதுவுமே வெளிப்படாது.

இரண்டாவது, இன்மை. மேலாளர் கேட்கும் பெயர் அட்டவணையில் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 3, 9 ஆகிய கிடைவரிசைகள் மட்டும் உள்ள நெடுவரிசையில் 5க்கு அடுத்தது எது என்று கேட்டால் 9 என்பதே விடை. ‘5 எங்கே?’ என்று தேடி, காணாமல் பிழை சொல்லும் தொகுதி, அடிப்படைக் கேள்வியையே புரிந்துகொள்ளவில்லை.

மூன்றாவது, மாற்றம். விடுதியின் கம்பியில்லா வலையில் இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடும் அட்டவணையை எண்ணிப் பார்க்கலாம். எஸ்என்எம்பிவாக் நெடுவரிசை நெடுவரிசையாகவே நடக்கிறது. முதல் நெடுவரிசையைப் படித்து முடிப்பதற்கும் இரண்டாவதைத் தொடங்குவதற்கும் இடையே ஒரு மாணவர் மடிக்கணினியை மூடிவிட்டால், ஒரு நெடுவரிசையில் நாற்பது பதிவுகளும் மற்றொன்றில் முப்பத்தொன்பதும் கிடைக்கும். இந்த முரண்பாடு நெறிமுறையின் இயல்பு, அது குற்றமன்று. ஆனால் அழிக்கப்பட்ட கிடைவரிசையின் நினைவகத்தைத் தொகுதி இன்னும் தொட்டுக்கொண்டிருந்தால் அது குற்றமே.

ஒழுங்கு தவறும்போது கருவியே எச்சரிக்கிறது: பெயர்கள் ஏறுவரிசையில் இல்லை என்று கூறி எஸ்என்எம்பிவாக் நின்றுவிடும். அதே கட்டளையில் இச்சரிபார்ப்பை நிறுத்திவைக்கும் விருப்பத்தேர்வும் உண்டு. பழுதான கருவிகளிடமிருந்து கிடைத்த அளவுக்குத் தகவலைப் பெறுவதற்காக வைக்கப்பட்ட வாசல் அது. அதைத் தன் தொகுதியின் சோதனையிலேயே திறந்துவிட்டு, ஓடியது என்று படம் பிடிப்பது, காய்ச்சல் இருக்கும்போது வெப்பமானியை உடைத்துவிட்டு நலம் என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

நிரலைக் கருவி எழுதித் தருவதால் பொறுப்பும் கருவிக்கே போய்விட்டது என்று சிலர் எண்ணுகின்றனர். நெட்-எஸ்என்எம்பி தொகுப்பின் எம்ஐபி2சி, ஒரே வரையறையிலிருந்து பல வகை எலும்புக்கூடுகளை உருவாக்கித் தருகிறது. எந்த வகை பொருத்தம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. திட்டங்களில் பெரிதும் எடுத்தாளப்படும் ‘இட்டரேட்’ வகை, தரவு ஒழுங்கற்றுக் கிடந்தாலும் வேலை செய்யும். அதற்கான விலை என்னவென்றால், தரவு ஒழுங்கானது என்று அறிவிக்காதவரை ஒவ்வொரு கேள்விக்கும் அது எல்லாக் கிடைவரிசைகளையும் சுற்றிவரும். 1,000 கிடைவரிசைகளும் 10 நெடுவரிசைகளும் உள்ள அட்டவணையை ஒருமுறை முழுதாகப் படிக்க ஏறத்தாழ 10,000 கேள்விகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் 1,000 சுற்று. மொத்தம் ஒரு கோடி. இக்கட்டளைகள் இயல்பாக 1 நொடிதான் காத்திருக்கும். அதன்பின் மீண்டும் கேட்கும். திணறும் முகவர்மீது சுமை மேலும் ஏறும். ஐந்து கிடைவரிசைப் படத்தில் இந்தக் கோடி தெரியாது.

எழுதும் செயலோ முற்றிலும் கைவிடப்பட்ட பகுதி. ஒரே வேண்டுகோளில் மூன்று மதிப்புகளை மாற்றச் சொல்லி, மூன்றாவது பிழையாக இருந்தால், முதலிரண்டும் மாறியிருக்கக் கூடாது. இதற்காகவே நெட்-எஸ்என்எம்பி முகவர் மாற்றத்தை ஒதுக்கீடு, செயல், உறுதிப்பாடு, மீட்பு எனக் கட்டங்களாகப் பிரித்துள்ளது. மீட்புக் கட்டத்திற்கு எலும்புக்கூடு இடம் தருமே தவிர, பழைய மதிப்பு எதுவென்று அதற்குத் தெரியாது. மீட்கவும் இயலாத நிலைக்கு நெறிமுறையில் தனிப் பிழை எண்ணே உண்டு: 15. இத்தனை கவனத்தோடு வகுக்கப்பட்ட பாதையை ஒருமுறையேனும் ஓட்டிப் பார்த்த அறிக்கை அரிது.

அனுபவமிக்க நிறுவனங்களும் இப்பாடத்தை விலைகொடுத்தே கற்றன. ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழக ஆய்வுக் குழு, சிதைந்த பொட்டலங்களை வேண்டுமென்றே அனுப்பிச் சோதிக்கும் புரோட்டோஸ் தொகுப்பை உருவாக்கியது. அதன் விளைவாக 2002 பிப்ரவரியில், பல உற்பத்தியாளர்களின் எஸ்என்எம்பி ஆக்கங்களில் பாதுகாப்புக் குறைகள் உள்ளதாக அமெரிக்காவின் செர்ட் மையம் எச்சரித்தது. அந்த ஆக்கங்களும் சரியான கேள்விக்குச் சரியான விடை தந்தவைதாம். தவறான கேள்வியை அவற்றிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

எஸ்என்எம்பி பழையது, நெட்கான்ஃபும் யாங்கும் வந்துவிட்டன, இனி இதில் ஏன் இத்தனை உழைப்பு என்று கேட்போர் உண்டு. கட்டமைப்பை மாற்றுவதற்கு எஸ்என்எம்பி போதாது என்பது உண்மையே. 2003இல் வெளியான ஆர்எஃப்சி 3535 அதைப் பதிவுசெய்துள்ளது. ஆனால் யாங் மொழியின் பட்டியலுக்கும் திறவுகோல் உண்டு. அங்கும் படிக்கும்போதே தரவு மாறும். பாதியில் தோற்ற மாற்றத்தை அங்கும் திருப்ப வேண்டும். நெறிமுறை மாறலாம், இவ்வினாக்கள் மாறா. இங்கே கற்காதவர் அங்கும் கற்கப்போவதில்லை.

ஒரு பருவத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பது அடுத்த வாதம். அறுபது பக்க அறிக்கைக்கு நேரம் கிடைக்கிறது. வெறுமையான அட்டவணை, இடைவெளி விட்ட சுட்டெண்கள், ஆயிரம் கிடைவரிசைகள், நடக்கும்போதே அழிக்கப்படும் கிடைவரிசை, மூன்றாம் மதிப்பு பிழையான மாற்றம், முகவரை நிறுத்தித் தொடங்குதல். இந்த ஆறு சோதனைகளையும் ஒரு சிறு ஆணைத்தொகுப்பில் எழுதச் சில நாள்கள் போதும். வரலாற்று அத்தியாயத்தைப் பாதியாகக் குறைத்தாலே அந்நாள்கள் மிஞ்சும்.

வாய்மொழித் தேர்வில் வழிகாட்டியும் புறத்தேர்வாளரும் கேட்கவேண்டியது ‘ஓடுகிறதா?’ என்பதன்று, ‘எப்போது உடைந்தது?’ என்பதே. உடைந்த இடத்தையும் திருத்திய விதத்தையும் சொல்லத் தெரிந்த மாணவருக்குத் தொகுதி முழுமையடையாவிட்டாலும் உயர்ந்த மதிப்பெண் தரலாம். ஒருபோதும் உடையவில்லை என்பவரின் தொகுதி இன்னும் சோதிக்கப்படவில்லை. அதற்குக் கையொப்பமிட்ட மதிப்பீடும் அவ்வாறே.