கொல்லாத கேப்டன்

ஒருவர் எழுதிய அறிவியல் கதையை இன்னொருவர் வேறொரு பிரபஞ்சத்துக்குள் இறக்கினால், 'சுட்ட கதை' என்று தீர்ப்பு எழுதிவிடுவது நம் வழக்கம். எல்லாச் சமயத்திலும் அது நியாயமல்ல. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் அப்படி இறங்கிய இரண்டு கதைகளைப் பார்ப்போம்.

ஃப்ரெட்ரிக் பிரௌனின் 'அரீனா' 1944இல் வந்தது. மனிதர்களின் படையும் ஓர் அயல் இனத்தின் படையும் விண்வெளியில் மோதத் தயாராக நிற்கின்றன. இருவருக்கும் மேலான ஒரு சக்தி குறுக்கிட்டு, பக்கத்துக்கு ஒருவரை மணல்வெளியில் இறக்கிவிடுகிறது. தோற்பவரின் இனம் பூண்டோடு அழியும். மனிதர்கள் பக்கம் இறங்கிய கார்சன் எதிரியைக் கொல்கிறான். மனித குலம் பிழைக்கிறது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது.

1967 ஜனவரியில் அதே பெயரில் ஸ்டார் ட்ரெக் அத்தியாயம் ஒளிபரப்பானது. திரைக்கதை ஜீன் கூன். பிரௌனின் பெயரையும் போட்டார்கள். இங்கே மோதுபவர்கள் கேப்டன் கிர்க்கும் பல்லி உடம்புக்காரனான கோர்னும். கந்தகம், கரி, வெடியுப்பு சேர்த்து மூங்கில் போன்ற ஒரு குழாயில் திணித்து, வைரக் கற்களைக் குண்டாக்கிச் சுடுகிறார் கிர்க். (வேதியியல் வாத்தியார்கள் சண்டைக்கு வரலாம், காட்சி என்னவோ பிரமாதம்.) கோர்ன் சாய்கிறான். ஆனால் கிர்க் கொல்ல மறுக்கிறார். காரணம், நடுவில் வந்து விழுந்த ஒரு கேள்வி. செஸ்டஸ் மூன்று என்ற கிரகத்தில் பூமிக்காரர்கள் குடியேறியது கோர்ன்களின் எல்லைக்குள் என்றால், அத்துமீறியது யார்? பிரௌனின் கதையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஆராய வந்தோம், பிடிக்க வரவில்லை என்று வாரந்தோறும் சொல்லிக்கொள்ளும் ஒரு கப்பலில் ஏறியதும் அதைத் தவிர்க்க முடியாமல் போகிறது. கதைப்பொறி அப்படியே இருக்க, முடிவு தலைகீழாகிவிட்டது.

அடுத்தது லாரி நிவன். தன் 'தி சாஃப்ட் வெப்பன்' கதையை 1973இல் ஸ்டார் ட்ரெக்கின் கார்ட்டூன் தொடருக்கு அவரே மாற்றி எழுதினார். பூனை முகப் போர்வெறியர்களான க்சின்கள் அப்படியே குடிபெயர்ந்தார்கள். இலை தழை தின்னும் வேற்றுக்கிரகவாசி நெஸஸின் இடத்தில் கிர்க்கின் கப்பலைச் சேர்ந்த, சைவம் சாப்பிடும் ஸ்பாக். பொருத்தம் கச்சிதம், அதுதான் சிக்கலும். மூலத்தில் நெஸஸ் க்சின் தலைவனின் விலா ஒடிய உதைக்கும்போது நாம் திடுக்கிடுகிறோம். நெஸஸின் இனமே பரம்பரைக் கோழை. ஸ்பாக் உதைத்தால் அது வெறும் உதை. ஆசிரியரே செய்த மாற்றம்தான், ஆனாலும் ஆட்கள் உடை மாற்றிக்கொண்டதோடு நின்றுவிட்டது.

நம் ஊருக்கு இது புதிதல்ல. வியாசரிடம் இல்லாத அல்லியை மதுரை அரசியாக்கி, வில்லாளி அர்ஜுனனை அவளிடம் தந்திரம் செய்து பல்லிளிக்கும் ஆளாக்கியது 'அல்லி அரசாணி மாலை'. பாரதம் அதைத் தாங்கிக்கொண்டது. பாரதத்துக்கு உரிமையாளர் கிடையாது என்பது வேறு விஷயம். ஸ்டார் ட்ரெக்குக்கும் க்சின்களுக்கும் உண்டு.

ஒருவர் கதையை வேறொரு பிரபஞ்சத்துக்குள் இறக்கும் இந்த மாதிரிக் கதைகளுக்கு நம் இதழில் இனி இடம் உண்டு. ஆனால் போன இடத்தில் கதை எதையாவது மாற்றியிருக்க வேண்டும், அல்லது அந்த இடம் கதையை மாற்றியிருக்க வேண்டும். மூலக்கதையின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் தலைப்புக்குக் கீழேயே போட்டு அனுப்புங்கள்.