மாத்திரையை எங்கே வைப்பது?

"மருந்துதான் கவர்மென்ட்டே சும்மா தருதே, அப்புறம் என்ன?" எச்.ஐ.வி. உள்ள ஏழைகளுக்கு வீட்டு உதவி என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். சொல்கிறவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்கிறவர்கள்தான். அவர்கள் நம்புவதில் பாதி உண்மை. 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை உட்படச் சில இடங்களில் தொடங்கிய இலவச ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) சிகிச்சை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. மருந்து மட்டும் போதும் என்கிற மீதிப் பாதிதான் ஆபத்து.

இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறையும்; அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடத் தொற்றாது. ஆனால் தவறாமல் சாப்பிட, தாழ்ப்பாள் போட ஒரு கதவு வேண்டும். ஒண்டுக்குடித்தனத்தில் ஒற்றை அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, எடுக்கும்போது குலுங்காமல் இருக்கப் பஞ்சு திணித்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறாள் ஒருத்தி. பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்து போகிறவரை மாத்திரை பானையிலேயே கிடக்கும். சில ராத்திரி அப்படியே விட்டுப்போகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குக் கிருமி பழகிவிடக்கூடும். பிறகு தரவேண்டிய இரண்டாம் கட்ட மருந்து விலை கூடியது. அதையும் அரசுதான் தரவேண்டும்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வாடகை வீடு மறுப்பதையும் காலி செய்ய வைப்பதையும் தடை செய்கிறது. புகார் கேட்கக் குறைதீர்ப்பாளர் உண்டு. பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் வழி உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் எந்த வீட்டு ஓனர் காரணத்தை வாய்விட்டுச் சொல்கிறார்? "தம்பி குடும்பத்தோட வர்றான்", "தளம் ஒழுகுது, ரிப்பேர் பண்ணணும்." கையில் எழுத்து ஒப்பந்தமும் கிடையாது. அடுத்த தெருவில் அட்வான்ஸ் கேட்பார்கள். வீட்டுவேலைக்குப் போகும் பெண் வழக்கு நடத்துவாளா, பாத்திரம் பண்டத்தைத் தூக்குவாளா?

"அவங்களுக்குன்னு ஹோம் இருக்கே" என்பது இதே நம்பிக்கையின் தங்கச்சி. மருந்து எட்டாத காலத்தில், சாகக் கிடந்தவர்களைப் பார்க்க நாதியில்லாமல்தான் அந்த இல்லங்கள் வந்தன. அவற்றை நடத்தியவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் வருஷக்கணக்காக மருந்து சாப்பிட்டுப் பேரன் பேத்தி எடுத்தவரிடம் போய், ஹோமில் ஒரு கட்டில் காலி என்று சொல்வது அவமானப்படுத்துவது. அவர் கேட்பது நாலு பேர் மாதிரி ஒரு வீடு.

நியூயார்க்கில் 1990இல் 'ஆக்ட் அப்' என்ற எய்ட்ஸ் போராட்ட அமைப்பினரில் சிலர் 'ஹவுசிங் வொர்க்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு, எய்ட்ஸ் உள்ளவர்களின் வீட்டு வசதிக்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2014 முதல் அந்த நகரத்தின் எச்.ஐ.வி. வாடகை உதவியில் இருப்பவர் வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை தரவேண்டியதில்லை. பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் ஒன்று: இன்றைய மாத்திரை வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் வீட்டைக் கேட்டிருக்கிறார்கள்.

இங்கேயோ, பிரதமர் வீட்டுத் திட்டத்தில் தானே வீடு கட்டிக்கொள்ள மானியம் வேண்டுமானால் முதலில் மனை வேண்டும். புருஷன் செத்த கையோடு மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவளிடம் பட்டா ஏது? சென்னையில் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று ஊருக்கு வெளியே அரசுக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினால், பிழைப்பும் பழகிய ஏ.ஆர்.டி. மையமும் சேர்ந்தே தூரமாகிவிடும்.

ஆகவே வேண்டியது வாடகை மானியம். அதைக் கொடுத்தால் நோய் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிடாதா? நியாயமான பயம். முதியோர் பென்ஷன் மாதிரி பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகட்டும், திட்டத்தின் பெயரில் நோயின் பெயர் வேண்டாம். அட்வான்ஸுக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கட்டும். ஏ.ஆர்.டி. மையத்தில் மீதி மாத்திரையை எண்ணிப் பார்த்து, "ஏன் விட்டீங்க?" என்று கேட்கிறார்கள். அதே மேசையில் "இந்த மாசம் வாடகை கட்டிட்டீங்களா?" என்றும் கேட்கட்டும். இல்லை என்று பதில் வந்தால் எழுதிக்கொடுக்க ஒரு விண்ணப்பமாவது அந்த மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.