பட்டமும் பட்டியும்

பிறப்பு உரிமை தரும் என்கிறார்கள். தரட்டும்! ஆனால், ஒரே மண்ணில் பிறந்தவர்களுள் ஒரு குழந்தைக்கு நிலமெல்லாம் சொந்தம், மற்றவர்க்கு நிற்கவும் இடமில்லை என்றால், அது பிறப்பின் நீதியா, பிரபுத்துவத்தின் சூதா? ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள சதர்லாண்டின் வரலாற்றை வைத்தே நாம் கேட்கிறோம்.

சதர்லாண்டு ஏர்ல் பட்டம் 13ஆம் நூற்றாண்டில் தோன்றியது. 1766இல் பட்டத்துக்குரிய பிரபு மாண்டார்; எஞ்சியது எலிசபெத் என்னும் ஒரு வயது மகவு. ஆண்வழி உறவினர் உரிமை கோரி வழக்காடினர். 1771இல் பிரபுக்கள் சபை, குழந்தையே சீமாட்டி எனத் தீர்ப்பளித்தது. ஏர் பிடித்தாளா? விதை தெளித்தாளா? பிறந்தாள், அவ்வளவே!

அந்தச் சீமாட்டியும், 1785இல் அவளை மணந்த செல்வச் சீமானும் செய்ததென்ன? ஆடு வளர்த்தால் குத்தகை பெருகும் என்று, தலைமுறை தலைமுறையாகப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த குடிகளைக் கடலோரத்துக்குத் துரத்தினர். பட்டிகள் அழிந்தன, ஆட்டுப் பட்டிகள் எழுந்தன! 1814இல் ஸ்ட்ராத்நேவரில் வீடுகளைக் கொளுத்தினார் என்று அவர்களுடைய காரியஸ்தர் பாட்ரிக் செல்லர் மீது வழக்கு வந்தது. 1816இல் அவர் விடுதலையானார். விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 15,000 பேர் என்று 'மூலதனம்' நூலில் எழுதினார் காரல் மார்க்ஸ். சீமானுக்கோ 1833இல் டியூக் பட்டம் சூட்டப்பட்டது!

பரம்பரையின் புனிதமாவது ஒரு நிலையில் நின்றதா? 1963இல் ஐந்தாம் டியூக் பிள்ளையின்றி மாண்டார். ஏர்ல் பட்டம் அவருடைய தம்பி மகளுக்குச் சென்றது. டியூக் பட்டமோ, பெண்ணுக்கு ஆகாதென்று, ஆண்வழித் தூரத்து உறவினரைத் தேடி ஓடியது. மாண்டவர் ஒருவர், குருதி ஒன்று. ஒரு சாசனம் பெண்ணை ஏற்கிறது. மறு சாசனம் விலக்குகிறது. அப்படியானால் உரிமை குருதியில் இருந்ததா, காகிதத்தில் இருந்ததா?

காகிதத்தில்தான்! மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். 1999இல் இயற்றிய சட்டம், பரம்பரைப் பிரபுக்களுள் 92 பேர் நீங்கலாக மற்றையோரைச் சபையினின்றும் வெளியேற்றியது; வானம் இடிந்து விழவில்லை. ஆயினும் பட்டம் ஒழியவில்லை. 2019இல் அந்தச் சீமாட்டி மறைந்ததும், ஏர்ல் பட்டம் மகனுக்கு வந்தது.

தோழர்களே! பிறப்பு உரிமை தருமென்றால், ஸ்ட்ராத்நேவரில் பிறந்த உழவனுக்கும் அது தந்திருக்க வேண்டும். அவனுக்குத் தராத உரிமையை, வேறெவருக்கும் அது தரவில்லை என்போம் நாம்.