செய்தியில் பேசுவது யார்?

போன மாதம் இதழியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் திண்ணனூர் நாட்டுக்கு வந்திருந்தார். ஆய்வேட்டுக்காகக் கொல்லிமலை பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகளை வெட்டி, வகை பிரித்து, எண்ணி வைத்திருந்தார். 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, வல்வில் ஓரி விழா, அப்புறம் விபத்து. (ஆடி 18 இல்லாவிட்டால் எங்களுக்கு முகவரியே இல்லை போலிருக்கிறது!)

உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் எத்தனை செய்தி என்று எண்ணினால் போதுமா? அதில் யார் பேசுகிறார் என்று பார்க்க வேண்டாமா? சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் மரவள்ளி வந்து பல காலமாகிறது. கிழங்கு விலை சரிந்தால் கீழே ஜவ்வரிசி ஆலைக்காரர் பேசுவார், அதிகாரி பேசுவார். கிழங்கு பிடுங்கியவர் படத்தில் நிற்பார், பெயர்கூட இருக்காது.

இது இந்த மலையோடு நிற்கிற விஷயமில்லை. 2006-ல் யோகேந்திர யாதவ், அனில் சமாரியா, ஜிதேந்திர குமார் மூவரும் டெல்லியில் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை. இங்கே பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். அதைக் கேட்டதும், "கேரளாவிலிருந்து வந்தவங்களா?" என்று கேட்ட நிருபரை நானே பார்த்திருக்கிறேன்.

"வெட்டி வைத்த செய்திகளை இந்த வீடுகளில் படித்துக் காட்டும்மா. அவங்க சொல்றதை ஒரு அத்தியாயமா போடு" என்றேன்.

"கைடு ஒத்துக்கணுமே சார்" என்றார்.