ஹீட்டர் ராடில் ஒரு குகை

எங்கள் வீட்டு போர் தண்ணி மகா உப்பு. பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடு ஒரே மாதத்தில் வெள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுவிடும். அதைச் சுரண்டுவது என் டிபார்ட்மென்ட். முன்பெல்லாம் திட்டிக்கொண்டே சுரண்டுவேன். ஆந்திராவில் பேலம் குகையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கொஞ்சம் மரியாதையோடு சுரண்டுகிறேன்.

பேலம், நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது. மேலே வெறும் வயல்காடு. நடுவே கிணறு மாதிரி ஓட்டை. படியிறங்கினால் உள்ளே மொத்தம் 3,229 மீட்டர் நீளத்துக்குப் பாதைகள். 'பிலம்' என்கிற சொல்தான் பேலம் ஆகியிருக்கிறது. கம்பராமாயணத்தில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' என்று வருகிறதே, அதே பிலம். 1884-ல் இந்தக் குகையைப் பற்றிக் குறித்து வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் நம்ம பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தாரே, அதே மனுஷர்.

சரி, இவ்வளவையும் தோண்டியது யார்? மழைத்தண்ணிதான். மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்ட கரியமில வாயுவைக் குடித்துக்கொண்டு போகிறது. கிட்டத்தட்ட லைட்டான கோலி சோடா! அந்த லேசான அமிலம் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் நுழைந்து, லட்சக்கணக்கான வருஷம் கரைத்துக் கரைத்து, விரிசலை வாசலாக்கிவிடுகிறது.

கரைத்த கல் எங்கே போகும்? தண்ணியோடுதான். அந்தத் தண்ணி குகைக் கூரையில் வந்து சொட்டும்போது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு வெளியேறிவிடும். சுண்ணாம்பு மட்டும் துளியூண்டு ஒட்டிக்கொள்ளும். அப்படிச் சொட்டிச் சொட்டித்தான் ஆலம் விழுது போலக் கல் விழுதுகள் தொங்குகின்றன. எங்கள் பக்கெட்டில் நடப்பதும் இதேதான். சூட்டில் வாயு ஓடிவிடுகிறது. சுண்ணாம்பு ராடில் படிகிறது. ஒரே வித்தியாசம், ராடுக்கு ஒரு மாதம் போதும். குகையில் விரல் நீளம் வளர ஆயிரம் வருஷம்கூட ஆகலாம். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010-ல் சொட்ட ஆரம்பித்திருந்தால், இன்றைக்கு ஒரு விரல்!

இங்கேதான் ஒரு வாக்குமூலம். காலேஜ் டூரில் வேறொரு குகையில், நண்பர்கள் கைதட்ட, அப்படி ஒரு விரலைப் படக்கென்று ஒடித்தவன் நான். அது இன்னமும் எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. பேலத்திலிருந்து திரும்பியதும் பையன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"இதை வளர்க்க எவ்வளவு நாளாச்சுப்பா?"

"ஆயிரம் வருஷம் இருக்கும்டா."

"ஒடிக்க?"

பதில் சொல்லவில்லை. ராடைச் சுரண்டப் போய்விட்டேன்.