வரம்பின் விலை

வரம்பிற்குள் நின்று இலாபத்தை மிகுவிக்க முயலும் ஒருவன், அவ்வரம்பு ஓரலகு தளருமாயின் எவ்வளவு மிகுதியாய்ப் பெறுவான்? இவ்வினாவிற்கு விடையாவதே கணித மேதை லெக்ராஞ்சியின் (1736–1813) பெயர் தாங்கிய பெருக்கி. பொருளியலார் இதனை நிழல் விலை என்பர்.

எம் சூலக்கரைக்கு அணித்தாகிய சிவகாசி வட்டாரத்தில் இதனைக் கண்கூடாய்க் காணலாம். பட்டாசு மருந்து கையாளும் அறையொன்றில் நால்வர்க்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. ஐந்தாமவரை அமர்த்துவதால் விளையும் மிகை இலாபமே அவ்விதியின் நிழல் விலை. தேவை குன்றிய காலத்து அது சிறிது. தீபாவளி நெருங்க நெருங்கப் பெருகும்.

“இத்துணை விலையுள்ள வரம்பைத் தளர்த்துதலே அறிவுடைமை” என்பாரும் உளர். யாம் உடன்படோம். அக்கணக்கு இலாபத்தை அளந்ததேயன்றி உயிரை அளந்திலது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வுயிர்கட்கு எந்த இலாபக் கணக்கிலும் இடமில்லை.

ஆதலின் நிழல் விலை, விதியைத் தளர்த்தற்குச் சான்றன்று. அதனை மீறத் தூண்டும் ஆசையின் அளவே. அகப்படும் வாய்ப்பையும் எண்ணி, அவ்வாசையை விஞ்சுமாறு தண்டம் அமைதல் வேண்டும். விலை ஏறும் திங்கள்களிலே சோதனையும் மிகுதல் வேண்டும். பயிர் செழிக்குந்தோறும் வேலியும் வலுப்பெற வேண்டுமன்றோ?