சிரிக்க வைப்போரை அறிவோமா?



இசைக்கச்சேரிக்குச் சென்று வீடு திரும்பினால், வீட்டிலுள்ளோர் கேட்கும் முதற்கேள்வி, "யார் பாடினார்?" என்பதாகும். சொற்பொழிவு கேட்டு வந்தால், "யார் பேசினார்?" என்று வினவுவர். ஆனால், நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் விலா நோகச் சிரித்துவிட்டு வந்தாலோ, "என்ன சொன்னார்கள்? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றுதான் கேட்கிறார்கள். சொன்னவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் நமக்குப் பெயர் நினைவில் இருப்பதில்லை. சிரிப்பை வீட்டிற்குக் கொண்டுவந்து விடுகிறோம். சிரிக்க வைத்தவரை மேடையிலேயே விட்டு வந்துவிடுகிறோம்.

அந்த மனிதரை இம்மாதம் சற்று அறிந்துகொள்ள முயல்வோம். சென்னை போன்ற நகரங்களில் இளைஞர்கள் இன்று சிறு சிறு குழுக்களாகக் கூடி, 'ஸ்டாண்டப் காமெடி' எனப்படும் தனிநபர் நகைச்சுவையை நிகழ்த்தி வருகிறார்கள். குழுவாக இயங்கினாலும், மேடைக்கு ஒவ்வொருவராகவே வருகிறார்கள். வேடமில்லை, காட்சித் திரையில்லை, உடன் நடிப்பாரும் இல்லை. கையில் ஓர் ஒலிவாங்கி, எதிரே ஐம்பதோ நூறோ பேர், அவ்வளவே. நம் குடும்பத்துப் பிள்ளைகளும் இம்மேடைகளை நாடிச் செல்கின்றனர். "படித்த படிப்பென்ன, இவன் செய்கிற வேலையென்ன!" என்று பெற்றோர் கலங்குவதையும் காண்கிறோம். ஆதலின், இவர்கள் யாவர், இவர்தம் உழைப்பு எத்தகையது, இவர்களுக்கு நாம் செய்யவேண்டுவது யாது என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

வேடத்திலிருந்து தன் முகத்திற்கு

மேடையில் நின்று மக்களைச் சிரிக்க வைப்பது நமக்குப் புதிதன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். அரசர் வருகையை அறிவிப்பவனும் அவனே. அவ்வரசரையே கேலி செய்பவனும் அவனே. புராண காலத்துக் கதைக்கு நடுவே உள்ளூர்ச் செய்தியைப் புகுத்திச் சிரிக்க வைக்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால், அவன் வண்ணம் பூசி வேடம் தரித்தவன். அந்த வண்ணத்திற்குப் பின்னே இருப்பவன் எந்த வீட்டுப் பிள்ளை, அவன் அடுப்பு எரிந்ததா என்று கேட்பார் அரியர். 'கோமாளி' என்னும் சொல்லை நாம் வசைச்சொல்லாக வழங்குவதே, அவனை எந்த இடத்தில் வைத்திருந்தோம் என்பதைக் காட்டிவிடுகிறது.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இந்நிலையை மாற்றிய முன்னோடி. 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனிகளிலும் பயின்று வளர்ந்தவர் அவர். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்தில் அவர் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நந்தனார் கதையின் பாணியிலேயே, ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளையொருவன் கல்வியால் உயர்ந்த கதையை அவர் சொன்னார். அவையோர் சிரித்தனர், சிரித்துக்கொண்டே தம் மனச்சான்றையும் தடவிப் பார்த்துக்கொண்டனர். சிரிக்க வைப்பவனுக்கும் சொல்வதற்கென்று ஒரு கருத்து உண்டு என்பதை நாடு அவரிடம் கண்டது. டி.ஏ.மதுரம் அம்மையார் அவருக்கு இணையாக நின்று, நகைச்சுவை ஆடவருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் மெய்ப்பித்தார்.

பின்னர் வந்தவர்கள் பலகுரல் கலைஞர்கள். திருவிழா மேடைகளிலும் இன்னிசைக் கச்சேரிகளின் இடைவேளையிலும் நடிகர்களின் குரலில் பேசிக் கைதட்டல் பெற்றவர்கள் அவர்கள். 2005ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' நிகழ்ச்சி, அவர்களைச் சிற்றூர் மேடைகளினின்றும் வீட்டுக் கூடத்திற்கே அழைத்து வந்தது. இளமையிலேயே தந்தையை இழந்த திருச்சி மாணவர் சிவகார்த்திகேயன் அம்மேடையில் வென்று, பின்னாளில் திரைப்பட நாயகராக உயர்ந்ததை நாம் அறிவோம்.

எல்லார்க்கும் அத்தகைய வாழ்வு வாய்க்கவில்லை. மதுரையைச் சேர்ந்த வடிவேல் பாலாஜியை எண்ணிப் பாருங்கள். நடிகர் வடிவேலுவின் உடலசைவையும் குரலையும் அச்சு மாறாமல் பெயர்த்துக் காட்டியவர் அவர். அவர் பெயரிலேயே மற்றொருவர் பெயர் முன்னே நின்றது. பெருந்தொற்றினால் மேடைகள் அடைபட்டுக் கிடந்த 2020ஆம் ஆண்டு செப்டம்பரில், நோயுற்று அவர் மறைந்தார். எத்தனையோ மாலைப் பொழுதுகளில் நம்மைக் கவலை மறக்கச் செய்தவர் அவர். எனினும், அவருடைய சொந்தக் குரல் எப்படியிருக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புதிய தலைமுறையினர் மாற்ற முனைவது இதைத்தான். கட்டியங்காரன் வேடத்தில் வந்தான். பலகுரல் கலைஞர் பிறர் குரலில் வந்தார். இவர்களோ தம் முகத்தோடும் தம் குரலோடும் வந்து, "நான்" என்று பேசத் தொடங்குகிறார்கள். தம் ஊர், தம் வீடு, தம் அச்சம், தம் தோல்வி ஆகியவையே இவர்களுக்குக் கைம்முதல்.

இவர்கள் யாவர்?

2003ஆம் ஆண்டு கார்த்திக் குமார், சுனில் விஷ்ணு ஆகிய இருவரும் சென்னையில் 'ஏவம்' என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினர். அக்குழுவே பின்னர்த் தனிநபர் நகைச்சுவைக்கும் மேடை அமைத்துக் கொடுத்து, இளைஞர் பலர்க்கு வழிதிறந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தினின்றும் வந்த அலெக்சாண்டர் பாபு, அமெரிக்காவில் கணிப்பொறித் துறையில் பணியாற்றியவர். அவ்வேலையை விட்டுவிட்டு, தாம் பயின்ற இசையையும் நகைச்சுவையையும் ஒன்றாகப் பிணைத்து மேடையேறினார். திரைப்படப் பின்னணிப் பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் பற்றிப் பாடியும் பேசியும் அவர் நிகழ்த்தும் 'அலெக்ஸ் இன் ஒண்டர்லேண்ட்', 2019இல் இணையவழியே உலகெங்குமுள்ள தமிழரை எட்டியது. பெங்களூரைச் சேர்ந்த பிரவீன்குமார், கணவன் மனைவி பிள்ளைகள் என்னும் இல்லறத்தையே பொருளாகக் கொண்டு, முகம் சுளிக்க வைக்காமல் சிரிக்க வைக்கிறார். வடிவேல் பாலாஜி மறைந்த அதே 2020 செப்டம்பரில் வெளியான 'காமிக்ஸ்தான் செம்ம காமெடிப்பா' என்னும் தமிழ்ப் போட்டித் தொடரில், சியாமா ஹரிணி என்னும் பெண்மணியும் ஆடவரோடு சமமாக நின்று போட்டியிட்டார்.

"நல்ல வேலையை விட்டுவிட்டு இப்படியா?" என்று கேட்போர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். கிரேசி மோகன் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். நிறுவனப் பணியிலும் இருந்தவர். 1976இல் எஸ்.வி.சேகரின் குழு மேடையேற்றிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகமே அவருக்கு அந்த அடைமொழியைத் தந்தது. 1979இல் தமக்கென ஒரு குழுவை அமைத்து, 2019இல் மறையும்வரை நாடகத்தைக் கைவிடாதிருந்தார். ஆகவே பட்டம் பெற்றவன் சிரிக்க வைக்கப் புறப்படுவதில் இழிவு ஏதும் இல்லை. அவன் அதற்குரிய உழைப்பைத் தருகிறானா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

காணப்படாத உழைப்பு

அவ்வுழைப்பு எத்தகையது? நகரத்துக் காப்பிக் கடைகளிலும் சிற்றரங்குகளிலும் 'ஓப்பன் மைக்' என்னும் பயிற்சி மேடைகள் நடைபெறுகின்றன. பெயர் கொடுத்தவர் எவரும் ஏறலாம். ஒருவருக்கு நாலைந்து நிமிடங்களே தருவர். நேரம் முடியும்போது அரங்கின் பின்புறத்தில் ஒரு விளக்கைக் காட்டுவார்கள். உடனே முடித்துக்கொண்டு இறங்கவேண்டும். புதியவர்க்கு ஊதியம் கிடையாது. அந்த ஐந்து நிமிடத்திற்காக மாலை முழுவதும் காத்திருந்து, யாரும் சிரிக்காமற்போக, ஒலிவாங்கியை அதன் தாங்கியில் வைத்துவிட்டுத் தலை குனிந்து இறங்குவோர் பலர். பாடுபவர் சுருதி தவறினாலும், பக்கவாத்தியம் அவரைத் தாங்கிக்கொள்ளும். இவரைத் தாங்க எவருமில்லை. அவையின் மௌனத்தை அவர் ஒருவராகவே சுமக்கவேண்டும்.

மறுநாள் அவர் என்ன செய்கிறார்? தம் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருப்பார். அதைத் திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் சிரிப்பு எழுந்தது, எந்த இடத்தில் அடங்கியது என்று குறித்துக்கொள்வார். ஒரு சொல்லை நீக்குவார். ஒரு சொல்லை வாக்கியத்தின் கடைசிக்கு மாற்றுவார். சிரிப்பு வெடிக்கவேண்டிய சொல் இறுதியில் நில்லாது நடுவில் நின்றால், பின்வரும் சொற்களே அச்சிரிப்பை அமுக்கிவிடும். பிறகு வேறொரு மேடையில் அதனையே சொல்லிப் பார்ப்பார். இவ்வாறு நிமிடம் நிமிடமாகச் சேர்த்து, ஒரு மணி நேர நிகழ்ச்சியை உருவாக்க மாதங்கள் பல செல்லும், ஆண்டுகளும் ஆகலாம்.

இன்னுமோர் இடரும் உண்டு. பாடகரிடம் பழைய பாட்டையே நாம் விரும்பிக் கேட்கிறோம். அது பழகப் பழக இனிக்கிறது. நகைச்சுவையோ ஒருமுறை கேட்டுவிட்டால் பாதி உயிரை இழந்துவிடுகிறது. நிகழ்ச்சி முழுவதும் இணையத்தில் வந்துவிட்டால், அடுத்த மேடைக்குப் புதியதாக எழுதியே ஆகவேண்டும். பார்வையாளர் ஒருவர் அரங்கில் திருட்டுத்தனமாகப் படம் பிடித்துப் பரப்பினால், அவர் கவர்ந்துகொள்வது அக்கலைஞரின் பல மாத உழைப்பை என்பதை உணரவேண்டும்.

சொல்லுக்காகத் துன்புறுவோரும் உளர். 2021 சனவரி முதல் நாளன்று, இந்தூர் நகரில் நிகழ்ச்சி நடத்தச் சென்ற முனாவர் பாரூக்கி என்னும் இளைஞர், சமய உணர்வைப் புண்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கும்வரை, ஒரு மாதத்திற்கு மேல் அவர் சிறையில் இருந்தார். விளையாட்டுப் பேச்சு என்று நாம் எண்ணும் தொழிலுக்கு இத்தகைய விலையும் உண்டு.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வகுத்தார். பிறரை இகழும் எள்ளல், இளமை விளையாட்டு, பேதைமை, மடமை என்பன அவை. அவற்றுள் எள்ளலை உரையாசிரியராகிய பேராசிரியர் இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது மற்றொன்று. இவ்வளவு நுட்பமாகச் சிரிப்பை ஆராய்ந்த மொழி நம்முடையது.

ஆயினும் நம் மேடைகளிலும் திரைப்படங்களிலும் நெடுங்காலம் மலிந்து கிடந்தது முதல் வகையே. கருநிறம், பருத்த உடல், திக்குவாய், மாமியார், மனைவி, திருநங்கையர், ஏழையின் பேச்சு வழக்கு என்று எளியோரையே தேடித் தேடி எள்ளினோம். சிரித்தவர்களுள் நாமும் இருந்தோம். இப்புதிய மேடையின் சிறந்த கலைஞர்கள் இரண்டாம் வகையைத் தேர்ந்துகொள்கிறார்கள். தம் குறையைத் தாமே எடுத்து வைத்து, "நீங்களும் இப்படித்தானே?" என்று கேட்கிறார்கள். அங்கே சிரிப்பவருக்கும் சிரிக்க வைப்பவருக்கும் இடையே மேல் கீழ் என்பது மறைந்துவிடுகிறது.

எல்லாரும் அவ்வாறே செய்கிறார்கள் என்று நாம் கூறவில்லை. கெட்ட சொல்லைக் கூறினாற்போதும், கைதட்டல் தானே வரும் என்று நம்பும் இளைஞரும் இருக்கின்றனர். தன்னைப் பற்றிப் பேசுவதாகத் தொடங்கி, வீட்டிலுள்ள தாயையும் மனைவியையும் அவர்தம் ஒப்புதலின்றி ஊர்நடுவே நிறுத்துவோரும் இருக்கின்றனர். மேடையில் இருப்பவனுக்கு ஒலிவாங்கி உண்டு. வீட்டில் இருப்பவளுக்கு அது இல்லை. இந்த நேர்மையை எண்ணிப் பார்ப்பவனே நல்ல கலைஞன். அவனை அப்படி எண்ண வைப்பது அவையோராகிய நம் கையில் இருக்கிறது. எதற்கு நாம் சிரிக்கிறோமோ, அதையே அவன் மறுநாளும் எழுதுவான். எதற்கு நாம் மௌனமாக இருக்கிறோமோ, அதை அடித்துவிடுவான். அவையைப் போல் கண்டிப்பான ஆசிரியர் அவனுக்கு வேறு எவருமில்லை.

நாம் செய்யக்கூடுவன

முதலாவது, உங்கள் ஊரில் இத்தகைய குழு இருந்தால், குடும்பத்தோடு ஒருமுறை சென்று பாருங்கள். சிறுவர்க்கு ஏற்ற நிகழ்ச்சிதானா என்று முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் உடனே எழுந்து ஓடாதீர்கள். பேசியவரிடம் சென்று, பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். எந்த இடம் உங்கள் மனத்தைத் தொட்டது என்று சொல்லுங்கள். எந்த இடம் வருந்தச் செய்தது என்பதையும் மென்மையாகச் சொல்லுங்கள். இரண்டையும் அவர் கேட்க விரும்புவார்.

இரண்டாவது, பள்ளி ஆண்டு விழாவிற்கோ ஊர் விழாவிற்கோ நகைச்சுவையாளரை அழைத்தால், பாடகருக்கும் பேச்சாளருக்கும் ஊதியம் பேசுவதுபோல் அவருக்கும் முன்னதாகவே பேசிக் கொடுங்கள். "சும்மா வந்து நாலு வார்த்தை சிரிக்கப் பேசிவிட்டுப் போங்கள்" என்று அழைப்பது முறையன்று. அந்த நாலு வார்த்தைக்குப் பின்னே நாற்பது இரவுகள் இருக்கக்கூடும். அவர் பேசும்போது இடைமறித்துக் கூச்சலிடுவதையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, இது பெற்றோர்க்கு. உங்கள் மகனோ மகளோ இம்மேடையை நாடினால், வீட்டுக் கதவை அடைக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு திறந்தும் விடாதீர்கள். கையிலுள்ள வேலையை விடாமல், மாலை நேரங்களில் சில காலம் பயின்று பார்க்கச் சொல்லுங்கள். முதன்முறை ஏறும் நாளில் நீங்களும் சென்று பின்வரிசையில் அமருங்கள். அன்று ஒருவரும் சிரிக்காமற்போனால், வீட்டுக்கு அழைத்து வந்து சோறு போடுங்கள். வெற்றிக்குக் கைதட்ட ஊரே இருக்கிறது. தோல்வியன்று உடனிருக்கக் குடும்பம்தான் உண்டு.

நம் பொழுதுகளை இனிதாக்கும் இவர்களை, மேடைவிளக்கு அணைந்ததும் மறந்துவிடாதிருப்போம். அடுத்த முறை நீங்கள் ஒரு நகைச்சுவையைப் பிறர்க்குச் சொல்லிச் சிரிக்க வைக்கும்போது, அதைச் சொன்னவர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.